ஈரத்தை அளந்த பிறகு இயந்திரம்

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் கடலோரத் தமிழ்நாட்டு வீடுகளில் ஈரம் தங்கிவிடுகிறது. பொரித்த அப்பளம் இலைக்கு வருமுன் நமுத்துப்போகும். உப்பு ஜாடி நீர் விடும். பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை வரும். நெடுநாள் வெளியே எடுக்காத தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். நீலகிரியிலும் வால்பாறையிலும் இந்தத் தொல்லை ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று இப்போது கடைகளில் டீஹியூமிடிஃபையர் விற்கிறார்கள். நல்ல இயந்திரம்தான். ஆனால் அது செய்வது ஒரே ஒரு வேலை: மூடக்கூடிய ஓர் அறையின் காற்றில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கிச் சேர்ப்பது. ஒழுகும் மாடியை அது அடைக்காது, சுவரில் ஏறும் ஓதத்தை நிறுத்தாது, திறந்த ஜன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும் மழைக்காற்றை வெல்லாது. தன் வீட்டு ஈரம் எந்த வகை என்று தெரியாமல் இதை வாங்குகிறவர் பணத்தை இழக்கிறார். மணிக்கணக்கில் ஆள் பார்வையின்றி ஓடும் ஒரு மின்கருவி என்பதை மறந்து பயன்படுத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய இழப்பும் நேரலாம்.

முதலில் வாங்க வேண்டியது சில நூறு ரூபாய் விலையுள்ள ஈரப்பதமானி. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே அதில் இருக்கிறது என்று பொருள். சூடான காற்று கூடுதலாகத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும், 30 டிகிரியிலோ 30 கிராம் வரை கொள்ளும். அதனால் உடம்புக்குப் படும் புழுக்கத்தை வைத்து ஈரத்தைக் கணிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், முடிந்தால் 30 முதல் 50 வரை இருக்கட்டும் என்கிறது. நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் 55 என்பதே எட்டத்தக்க, போதுமான இலக்கு. வாங்கிய மானி சரியாகக் காட்டுகிறதா என்று சமையலறையிலேயே சோதிக்கலாம்: ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு குழையும் அளவுக்கு நீர் விட்டு, அதையும் மானியையும் ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடி, மறுநாள் பார்த்தால் 75 காட்ட வேண்டும். ஓரிரு புள்ளி விலகல் பரவாயில்லை. பத்துப் புள்ளி விலகினால் அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ படிக்க வேண்டும். ஒரு வாரம் காலை, மதியம், இரவு என்று குறித்துவைத்தாலே பாதி வீடுகளில் இயந்திரம் தேவையில்லை என்பது தெரிந்துவிடும் என்பது என் கணிப்பு. எந்த நேரத்தில் எண் ஏறுகிறது என்பதே எங்கிருந்து ஈரம் வருகிறது என்று சொல்லிவிடும்.

சமைக்கும் நேரத்தில் ஏறினால் காரணம் அடுப்பு. எரிவாயு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வெளியேறும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் வீட்டுக்குள் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக விட்டிருக்கும். குழம்பும் சோறும் கொதிக்கும் ஆவி இதற்கு மேல். இங்கே தேவை எக்ஸாஸ்ட் ஃபேன். மழை பெய்த மறுநாள் மட்டும் ஒரு சுவர் கறுத்தால் ஒழுகல். அங்கே கொத்தனார் தேவை. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை சுவர் ஊறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு முழ நீளப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் கோத்திருந்தால் காற்றிலிருந்து படிகிறது. இரண்டாவதற்கு மட்டுமே டீஹியூமிடிஃபையர் பதில். முதலாவதற்கு அதை ஓட்டினால் கேடுகூட உண்டு: அறைக் காற்று வறள வறளச் சுவர் இன்னும் வேகமாக நிலத்து நீரை இழுக்கும், அதோடு வரும் உப்பு மேற்பரப்பில் படிகமாகிப் பூச்சைப் பிளக்கும்.

காற்று ஈரம்தான் என்று உறுதியான பிறகும், எவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம்; அதில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதத்தை 55-க்குக் கொண்டுவர அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் வெறும் கால் லிட்டர். அப்படியானால் தொட்டி நிறைய நிறையச் சேரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெளிக்காற்றிலிருந்து, உள்ளே காயும் துணியிலிருந்து, ஈரம் குடித்த மெத்தையிலிருந்தும் சுவரிலிருந்தும், தூங்குகிறவர்களின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும். கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுதும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதோடு நுழையும் கூடுதல் ஈரத்தை எடுக்க ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போதும். ஜன்னலைத் திறந்துவைத்து மணிக்கு ஐந்து முறை காற்று மாறினால் அதே அறைக்கு 31 லிட்டர் வேண்டும். கதவிடுக்குக்கு ரப்பர் பட்டையும் ஜன்னல் சட்டத்துக்கு ஒரு தாழ்ப்பாளும் போடுவது, இரண்டு மடங்கு பெரிய இயந்திரம் வாங்குவதைவிடப் பலன் தரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா, காலங்காலமாக அப்படித்தானே செய்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. தை முதல் பங்குனி வரை, வெயிலடிக்கும் நண்பகலில், அது முற்றிலும் சரி. ஆனால் அடைமழை நாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, திறந்த ஜன்னல் ஈரத்தை உள்ளே அழைக்கிறது. உள்ளும் புறமும் அளந்து, எது குறைவோ அதற்கேற்பத் திறப்பதும் மூடுவதுமே முறை.

இந்த இயந்திரம் அறையைச் சூடாக்கும் என்பதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குளிர்பதனப் பெட்டியைப் போலவே இதிலும் கம்ப்ரசரும் இரண்டு சுருள்களும் இருக்கின்றன. குளிர்ந்த சுருளில் காற்று பட்டு நீர் சொட்டுகிறது, அதே காற்று சூடான சுருளைக் கடந்து அறைக்குள்ளேயே திரும்புகிறது. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படும். கம்ப்ரசரும் விசிறியும் உண்ணும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. இரண்டையும் கூட்டினால் லிட்டருக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறையாது. நாளைக்குப் பத்து லிட்டர் எடுக்கும் இயந்திரம், இடைவிடாமல் எரியும் 500 வாட் ஹீட்டர் ஒன்றை அறையில் வைத்ததற்குச் சமம். ஊட்டியில் ஆடி மாதக் குளிரில் இந்த வெப்பம் வரம். சென்னையில் கடுங்கோடையில் தண்டனை. எனவே கடலோரத்தில் ஏற்கெனவே ஏ.சி. இருக்கும் அறைக்குக் கோடையில் இது வேண்டாம். ஏ.சி.யும் ஈரத்தை எடுக்கிறது, வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த முதல் ஏ.சி. கருவியின் நோக்கமே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதுதான். ஈரத்தில் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகி அச்சாயின. அப்படியென்றால் ஏ.சி. மட்டுமே போதுமே என்றால், மழைக்காலத்தில் அது போதுவதில்லை. வெளியே 25 டிகிரி இருக்கும்போது அறை சீக்கிரமே குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், ஈரம் எடுப்பதும் நின்றுவிடும்; விசிறி மட்டும் ஓடினால் சுருளில் தங்கிய நீர் மீண்டும் காற்றில் கலக்கும். டிரை மோட் கொஞ்சம் உதவும். அதிலும் எண் 65-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அப்போது தனி இயந்திரத்துக்கு நியாயம் இருக்கிறது.

எந்த வகை என்பதை ஊரின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. சமவெளிக்குக் கம்ப்ரசர் வகை. சுமார் 15 டிகிரிக்குக் கீழே அதன் குளிர்ச் சுருளில் உறைபனி படியத் தொடங்கும். இயந்திரம் அடிக்கடி நின்று பனியை உருக்கிக்கொண்டிருக்கும், நீர் எடுப்பது சரிந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் மழைக்கால இரவுகள் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கே ஈரத்தை உறிஞ்சும் சக்கரமும் அதை உலர்த்தும் ஹீட்டரும் கொண்ட டெசிகன்ட் வகை நன்றாக வேலை செய்யும். மின்சாரம் அதிகம் பிடிக்கும், ஆனால் அந்த வெப்பம் அறைக்கே பயன்படும். இணையத்தில் மலிவாக விற்கும் உள்ளங்கை அகலப் பெல்டியர் கருவிகள் நாளைக்குச் சில நூறு மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் ஓர் அறைக்கு அவை எந்த வகையிலும் ஈடாகா. பட்டுப்புடவை, கேமரா, பழைய புகைப்படங்கள் மட்டுமே கவலை என்றால் முழு அறையை உலர்த்துவது வீண். இறுக மூடும் பெட்டியும், சூடாக்கி மீண்டும் பயன்படுத்தக்கூடிய சிலிக்கா ஜெல்லும் போதும். கேமராக்காரர்களுக்கு மின்சார உலர் பெட்டிகள் தனியாகவே கிடைக்கின்றன.

பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட லிட்டர் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசியச் சந்தையில் அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் அளந்தது. நீங்கள் அறையை 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதே இயந்திரம் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். அளக்கும் நிலை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்க அனுபவமே சான்று: அங்கே 2019-இல் சோதனை வெப்பநிலையை 26.7 டிகிரியிலிருந்து 18.3 டிகிரிக்குக் குறைத்தார்கள். அதுவரை 70 பைன்ட், அதாவது 33 லிட்டர் என்று விற்ற இயந்திரம் மறுநாள் 50 பைன்ட் ஆனது. இயந்திரம் மாறவில்லை, சோதனைதான் மாறியது. லிட்டரைவிட நம்பத்தக்க கேள்வி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் எடுக்கும் என்பது. அதே 2019 விதிப்படி அங்கே சிறிய கருவிகள் யூனிட்டுக்குக் குறைந்தது 1.3 லிட்டரும், நடுத்தரக் கருவிகள் 1.6 லிட்டரும் எடுத்தாக வேண்டும். இதைவிடக் குறைவாகக் காட்டும் இயந்திரத்தை ஒதுக்கிவிடலாம். மின்கட்டணம் தாங்காது என்ற தயக்கத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 300 வாட் கருவி நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்; சாத்திய அறையில், 55 என்று வைத்துத் தானாக நிற்கும்படி விட்டால், அத்தனை நேரம்கூட ஓடாது. தானாக நிற்கும் ஈரப்பத உணரி இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

உடல்நலத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளுக்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் டீஹியூமிடிஃபையர் வைத்ததால் ஆஸ்துமா தணிந்தது என்பதற்கான சோதனைச் சான்று மெலிதானது. தூசிப்பூச்சிகள் 50 சதவீதத்துக்குக் கீழே தழைப்பதில்லை என்பது உண்மைதான். நம் கடற்கரை வீட்டில் ஆண்டு முழுதும் அந்த அளவில் வைத்திருப்பது கடினம். ஏற்கெனவே படர்ந்த பூசணத்தையும் இது கொல்லாது. காய்ந்த பூசணம் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதைத் துடைத்தெடுத்து, ஊறிய பொருளை அப்புறப்படுத்திய பிறகே இயந்திரம் அதைத் திரும்பி வராமல் தடுக்க உதவும். மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவது தவறு.

இப்போது தீ பற்றி. இது மிகைப்படுத்திய அச்சம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கிரீ நிறுவனம் தயாரித்து, பல பிரபலப் பெயர்களில் விற்கப்பட்ட ஏறத்தாழ 22 லட்சம் டீஹியூமிடிஃபையர்கள் அளவு மீறிச் சூடாகித் தீப்பற்றக்கூடும் என்று 2013-இல் அங்கே திரும்பப் பெறப்பட்டன. குறையைத் தெரிந்தும் உரிய நேரத்தில் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்ற வழக்கில் 2021-இல் அந்த நிறுவனக் குழுமம் 9.1 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது; அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தின் மீது எடுக்கப்பட்ட முதல் குற்றவியல் நடவடிக்கை அதுதான். 2023-இல் மேலும் 15.6 லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் தொடர்பில் குறைந்தது 23 தீவிபத்துகளும் 688 அதிவெப்பப் புகார்களும் பதிவாகியிருந்தன. அந்தக் கருவிகள் 2011-க்கும் 2014-க்கும் இடையில் தயாரானவை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பத்தாண்டு கழித்தும் வீடுகளில் அவை ஓடிக்கொண்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவி, பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய கருவி இவற்றைப் பயன்படுத்துமுன், பின்புறத் தகட்டில் உள்ள மாடல் எண்ணைத் திரும்பப் பெறும் பட்டியலில் தேடிப் பார்ப்பது அரை நிமிட வேலை. அமெரிக்காவின் 120 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட் பாயின்ட்டில் செருகுவது அதைவிட உடனடி ஆபத்து.

வீட்டில் நாம் செய்யும் பிழைகளும் இதே வெப்பத்தைத்தான் கூட்டுகின்றன. காற்று உறிஞ்சும் வலை தூசியால் அடைபட்டால் கம்ப்ரசர் திணறிச் சூடேறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்ட வேண்டும். சுவரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குறைந்தது ஓரடி இடம் விட வேண்டும். திரைச்சீலை அதன் மேல் படக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று அதன் மேலேயே துணியைப் போடவே கூடாது. மழைநாளில் துணி உலர்த்த இது அருமையான உதவிதான், ஆனால் கொடி வேறு பக்கம் இருக்கட்டும், நடுவில் மின்விசிறி ஓடட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதுவும் ஃபோன் சார்ஜரோடும் டி.வி.யோடும் சேர்த்துச் செருகுவது இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஆபத்து. எர்த் உள்ள சுவர்ப் பாயின்ட்டில் நேராகச் செருகி, ஒரு மணி நேரம் கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் வரை அந்தப் பாயின்ட்டைப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரைச் சேர்க்கும் மின்கருவி என்பதால் வீட்டு மெயின் போர்டில், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது மிகவும் முக்கியம். குளியலறைக்குள் வைக்க வேண்டாம். வாங்கி வரும்போது படுக்கவைத்து ஏற்றியிருந்தால், கம்ப்ரசர் எண்ணெய் கீழிறங்கச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ஓட்ட வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டை உலர்த்த இது உண்மையிலேயே பேருதவி, ஆனால் நனைந்த வயரிங்கை ஒருவர் சோதித்த பிறகுதான். தானே வெள்ளத்தில் நின்ற கருவியை மறுபடி செருகக் கூடாது.

புதிய கருவிகள் பலவற்றில் ஆர்-290 என்ற புரொபேன் வாயு குளிரூட்டியாக இருக்கிறது. பூமிக்கு நல்லது, அளவும் சிறியது, ஆனால் எரியக்கூடியது. கையேட்டில் குறித்த குறைந்தபட்ச அறைப் பரப்பைக் கடைப்பிடிக்க வேண்டும். சுருளில் படிந்த பனியை ஊசியால் குத்தி எடுக்கக் கூடாது. பூஜை விளக்கும் அடுப்பும் இருக்கும் அறையில் அதை வைக்கக் கூடாது. மலையூர்களில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஈரம் புகாமல் அறையை அடைத்துவிட்டுக் குளிருக்குக் கரியடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். அடைத்த அறையில் எதையும் எரிக்கக் கூடாது. தொட்டியில் சேரும் தண்ணீர் பார்வைக்குப் பளிங்குபோல இருந்தாலும் அதில் தூசியும் கிருமியும் சுருளின் உலோகத் துகளும் இருக்கலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம். ஏ.சி. தண்ணீரைப் பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதற்கும் இது ஆகாது, பேட்டரிக்கு உப்பும் உலோகமும் நீக்கிய நீர்தான் வேண்டும். தொட்டியைத் தினமும் கொட்டி, வாரம் ஒருமுறை சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் அதுவே பூசணத்தின் இருப்பிடமாகிவிடும்.

பூட்டிய வீட்டில்தானே பூசணம் அதிகம் பூக்கிறது, அப்போதுதானே இது ஓட வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனாலும் யாரும் இல்லாத வீட்டில் வாரக்கணக்கில் இதை ஓடவிடக் கூடாது என்பதே என் முடிவு. மின்சாரம் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவதையும், புகை வந்தால் அணைக்க ஆள் இல்லாததையும் எந்தத் தானியங்கி வசதியும் ஈடுகட்டாது. கிளம்புமுன் துணிகளை நன்றாகக் காயவைத்து, பீரோவுக்குள் சிலிக்கா ஜெல்லோ கால்சியம் குளோரைடு டப்பாவோ வைக்கலாம். அந்த டப்பாவில் சேரும் உப்புநீர் தோலையும் உலோகத்தையும் அரிக்கும் என்பதால் சாயாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால், சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லலாம். அவர் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் இயந்திரத்தையும் ஓட்டி, கிளம்பும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகட்டும்.